புதிய ஏர் பிஸ்டலுடன் பதினான்கு மாதங்கள்

பக்கத்துத் தோட்டத்திலிருந்து எங்கள் துப்பாக்கி சுடும் கிளப்புக்கு வரத் தொடங்கி எட்டு மாதமான தங்கை ஒருவர் என்னிடம் கேட்டது இது: "அக்கா, நீங்கள் சென்ற ஆண்டு வாங்கிய ஏர் பிஸ்டல் எப்படி இருக்கிறது? கிளப் துப்பாக்கியைவிட அதில் புள்ளி கூடியதா? நானும் சொந்தமாக ஒன்று வாங்கிவிடலாமா?" சுடுகளத்தில் நின்றபடி பதில் சொன்னால் பாதி விடுபட்டுப் போகும் என்பதால், மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் என் வீட்டு மேசையில் உட்கார்ந்து விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் புள்ளியைச் சொல்லிவிடுகிறேன். கிளப் துப்பாக்கியில் ஆறு ஆண்டுகள் சுட்டு, 60 குண்டுக்கு 600இல் 541 புள்ளி என்ற சராசரியில் நான் நின்றிருந்தேன். புதிய துப்பாக்கி கைக்கு வந்த முதல் மாதத்தில் அது 529 ஆகக் குறைந்தது. இப்போது 553. இந்த ஏற்ற இறக்கத்துக்கு முதற்காரணம் குழலோ விசையோ (ட்ரிகர்) அன்று, கைப்பிடிதான். நான் எழுதப் போவதில் பெரும்பகுதி அதைப் பற்றியதாகவே இருக்கும்.

என் துப்பாக்கி ஐரோப்பாவில் செய்யப்பட்டது. 4.5 மில்லிமீட்டர் பெல்லட்டை, அதாவது சிறு ஈயக் குண்டை, ஒவ்வொன்றாக இட்டுச் சுடும், அடைத்த காற்றில் இயங்கும் வகை. இயந்திர விசை கொண்டது; உள்ளே உதைப்பைத் தாங்கும் சிறிய பொறியும் உண்டு. நிறுவனத்தின் பெயரை வேண்டுமென்றே எழுதாமல் விடுகிறேன். ஸ்டெயர், மொரினி, ஃபைன்வெர்க்பாவ், வால்தர், பார்டினி ஆகிய பெயர்களை எல்லா உலகப் போட்டிகளிலும் பார்க்கிறோம். இவை எதன் குழலும் 10 மீட்டர் தூரத்தில் நம் இருவரின் கையைவிடப் பல மடங்கு நேராகச் சுடும். நான் ஒரு பெயரைச் சொன்னால் நீங்கள் அதையே தேடிப் போவீர்கள், ஆனால் உங்கள் கை என் கையன்று.

கைப்பிடியை ஏன் இவ்வளவு பெரிதாகப் பேசுகிறேன் என்பதற்குச் சிறு கணக்கு ஒன்று போதும். ஏர் பிஸ்டல் இலக்கில் பத்துப் புள்ளி வளையத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பெல்லட்டின் விளிம்பு வளையக் கோட்டைத் தொட்டாலே பத்து கிடைத்துவிடும் என்பதால், பெல்லட்டின் மையம் இலக்கின் நடுவிலிருந்து 8 மில்லிமீட்டருக்குள் விழுந்தால் போதும். குறி பார்க்க உதவும் முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலான தூரம் என் துப்பாக்கியில் ஏறக்குறைய 33 சென்டிமீட்டர். பின் சைட்டின் பிளவுக்குள் முன் சைட் கால் மில்லிமீட்டர் ஒரு பக்கம் ஒதுங்கினால், 10 மீட்டர் தள்ளி அது முப்பது மடங்காகிப் பத்தின் விளிம்புக்கே போய்விடுகிறது. ஆனால், சைட் இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இருந்து, கை மொத்தமும் ஐந்து மில்லிமீட்டர் ஆடினால், இலக்கிலும் அதே ஐந்து மில்லிமீட்டர்தான் விலகும். பத்து பத்தாகவே இருக்கும். கை ஆடுகிறதே என்று புதியவர்கள் எல்லோரும் கவலைப்படுகிறார்கள். கவலைப்பட வேண்டியது அதற்கன்று. விசையை அழுத்தும் நேரத்தில் மணிக்கட்டுக்கு முன்னால் துப்பாக்கி தனியாகத் திரும்பிவிடும் அந்தக் கால் மில்லிமீட்டருக்குத்தான். அந்தத் திரும்பலைப் பெரும்பாலும் உண்டாக்குவது கைக்குப் பொருந்தாத மரக் கைப்பிடி.

எனக்கு நடந்ததும் அதுவே. துப்பாக்கியோடு வந்த வால்நட் கைப்பிடி நடுத்தர அளவு. என் கைக்கு விரல் நீளத்தில் சரியாக இருந்தது, உள்ளங்கைப் பள்ளத்தில் தடித்திருந்தது, கட்டைவிரல் படுக்கும் இடம் உயர்ந்திருந்தது. பார்க்க அழகாக இருந்ததால் நான் இதைக் குறையாகவே எண்ணவில்லை. ஆனால் முதல் மூன்று வாரங்கள் என் குண்டுகள் மூன்று மணித் திசையில் எட்டிலும் ஒன்பதிலும் கூட்டமாக விழுந்துகொண்டிருந்தன. சைட்டைத் திருகி இடப்பக்கம் கொண்டுவந்தால், களைப்பில்லாத முதல் இருபது குண்டுகள் நடுவில் விழும், நாற்பதுக்குமேல் மறுபடி வலப்பக்கம் ஓடும். சைட்டைத் திருத்தித் தீர்க்கும் நோய் இதுவன்று என்பது எனக்குப் புரிய நாளானது. உயர்ந்த மேடையில் படுத்திருந்த கட்டைவிரல், விசை விரல் அழுத்தும்போதெல்லாம் அதற்குத் துணைபோவதுபோல் இடமிருந்து தானும் தள்ளிக்கொண்டிருந்தது.

அந்த நாட்களில் கட்டைவிரலின் அடியில் சிவந்து தோல் தடித்திருந்ததை அம்மா பார்த்தார். இருபத்தெட்டு ஆண்டுகள் ரப்பர்ப் பால் மரம் வெட்டிய கை அவருடையது. என்ன ஏது என்று கேட்டுவிட்டு அவர் சொன்னது: "கத்தி கைக்கு ஒட்டலைன்னா காயம் மரத்துலதான் விழும். மண்டோர் மரத்தப் பாத்துட்டு நம்மளத்தான் ஏசுவாரு, கத்திய ஏச மாட்டாரு." மண்டோர் என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர். புதுக் கத்தி வாங்கினால் பிடியைச் சுரண்டித் தேய்த்து, பழைய துணி சுற்றி, ஒரு வாரம் கைக்குப் பழக்கிய பிறகே நல்ல மரத்தில் வைப்பார்களாம். நான் துப்பாக்கியைப் பெட்டியிலிருந்து எடுத்து அன்றைக்கே புள்ளி எண்ணத் தொடங்கியிருந்தேன்.

மறுவாரம் கிளப்பின் பட்டறை மேசையில் கைப்பிடியைக் கழற்றி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். உங்களுக்கும் இது பயன்படும் என்பதால் விவரமாகச் சொல்கிறேன். கையில் முகப்பவுடரை மெல்லியதாகப் பூசிக்கொண்டு, சுடும்போது பிடிப்பதுபோலவே ஒருமுறை பிடித்து எடுத்தேன். கறுத்த மரத்தில் பவுடர் எங்கே அழுந்தியிருக்கிறது, எங்கே ஒட்டவே இல்லை என்பது கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிந்தது. கட்டைவிரல் மேட்டில் வெள்ளையாக ஒரு திட்டு, சுண்டுவிரலுக்குக் கீழே துளியும் பவுடர் படாத ஒரு குழி. அரைவட்ட அரத்தால் அந்த மேட்டை இரண்டே இரண்டு இழுப்பு இழுத்து, மறுபடி பவுடர் பூசிப் பிடித்துப் பார்த்து, மறுபடி இரண்டு இழுப்பு. இப்படி ஒரு மாலை முழுவதும் போயிற்று. ஏறக்குறைய ஒன்றரை மில்லிமீட்டர் மரம்தான் போயிருக்கும். சுண்டுவிரல் குழியில் எப்பாக்சி புட்டியைப் பிசைந்து வைத்து, கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றிக்கொண்டு பிடித்து, அச்சு பதிந்ததும் காய விட்டேன். அரத்தால் எடுத்ததைத் திரும்ப ஒட்ட முடியாது. ஆகவே எடுப்பதற்கு ஒரு மாலையும், சேர்ப்பதற்கு மற்றொரு மாலையும் என்று பிரித்துக்கொள்ளுங்கள். விசை விரல் மட்டும் மரத்தை எங்கும் தொடாமல் தனியாக நிற்க வேண்டும். உலகத் துப்பாக்கிச் சுடும் சம்மேளனத்தின் விதிப்படி மணிக்கட்டுக்கு மரத்தின் தாங்கல் எதுவும் இருக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

சரியாகப் பொருந்திவிட்டதா என்பதை அறிய எளிய வழி இருக்கிறது. இலக்கை நோக்கி நின்று, கண்ணை மூடி, துப்பாக்கியை உயர்த்தி, மூச்சு அடங்கியதும் கண்ணைத் திறக்க வேண்டும். அந்த நொடியில் முன் சைட் பிளவின் நடுவே, இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சத்தோடு நிற்க வேண்டும். அரம் போடுவதற்கு முன் எனக்கு அது பத்துக்கு மூன்று முறை நடந்தது. அரம் போட்ட பிறகு பெரும்பாலும் நடக்கிறது. மூன்று மணித் திசைக் கூட்டம் அந்த வாரமே கலைந்தது. சைட்டைத் திருகி நான் செய்திருந்த திருத்தம் முழுவதையும் பழைய இடத்துக்கே திருப்ப வேண்டியதாயிற்று.

விசையைப் பற்றி இனிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் புதிய துப்பாக்கியில் எனக்கு உண்மையான மகிழ்ச்சி தந்தது இதுதான். ஏர் பிஸ்டலின் விசை எடை 500 கிராமுக்குக் குறையக் கூடாது என்பது விதி. போட்டிக்கு முன் துப்பாக்கியை நிமிர்த்திப் பிடித்து, 500 கிராம் எடைக்கல்லை விசையில் தொங்கவிட்டுச் சோதிப்பார்கள். கல்லைத் தூக்கும்போது விசை விழுந்துவிட்டால் போட்டியில் இறங்க முடியாது. ஆகவே நான் சற்றுக் கூட்டி, 520 அளவில் வைத்திருக்கிறேன். அதில் ஏறக்குறைய முக்கால் பங்கை முதல் கட்ட இழுப்பிலேயே விரல் ஏற்றுக்கொள்கிறது. அதன் பிறகு சுவர் போன்ற ஒரு தடை. அதில் விரலை வைத்துக் காத்திருந்து, மெல்ல அழுத்தத்தைக் கூட்டினால் விசை எப்போது விடுபட்டது என்றே தெரியாமல் குண்டு போய்விடுகிறது. கிளப் துப்பாக்கியில் இந்தச் சுவர் தேய்ந்து சரிவாகிவிட்டது, அதனால் சுடும் நொடியை நானே முடிவு செய்து வெடுக்கென்று இழுக்கும் பழக்கம் எனக்கு ஆறு ஆண்டுகளாக ஊறியிருந்தது. உதைப்பு அதிகமாக இருந்த அந்தத் துப்பாக்கியில் இழுப்பின் பிழையும் உதைப்பின் அசைவும் ஒன்றாகக் கலந்துவிடும், எது என் குற்றம் என்று பிரித்துப் பார்க்க முடியாது. புதியதில் உதைப்பு அநேகமாக இல்லை. குண்டு போன பிறகும் முன் சைட் இருந்த இடத்திலேயே நிற்கிறது; நின்ற இடத்திலிருந்து அது நகர்ந்தால், நகர்த்தியது என் கைதான். முதல் மாதம் புள்ளி குறைந்ததற்கு இதுவும் காரணம். பிழையைக் கண்ணால் பார்த்த பிறகு நம்பிக்கை குலைந்தது, பிறகு அதே பார்வைதான் பிழையைத் திருத்தியது.

காற்றைப் பற்றி, நம் நாட்டு வெப்பத்தோடு சேர்த்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நீங்கள் இப்போது சுடும் கிளப் துப்பாக்கிகளில் இரண்டு, கரியமில வாயுவில் ஓடும் பழைய வகை. திரவமாக அடைக்கப்பட்ட அந்த வாயுவின் அழுத்தம் 20 பாகை செல்சியஸில் சுமார் 57 பார் (பார் என்பது அழுத்த அளவு), 30 பாகையில் சுமார் 72 பார். 31 பாகையைத் தாண்டினால் அது திரவமாகவே இருக்க முடியாது. ஐரோப்பாவின் குளிரூட்டிய மண்டபத்தில் இது ஒரு பிரச்சினையே அன்று. தகரக் கூரையின் கீழ் பிற்பகல் மூன்று மணிக்குச் சுடும் நமக்கோ, காலையில் நடுவில் விழுந்தவை மாலையில் மேலே ஏறிவிடும். என் புதிய துப்பாக்கியில் உலர்ந்த காற்று 200 பார் வரை உருளையில் அடைக்கப்பட்டு, அழுத்தச் சீராக்கி ஒன்றின் வழியாகக் குறைந்து வருவதால், முதல் குண்டும் நூறாவது குண்டும் ஏறக்குறைய வினாடிக்கு 150 மீட்டர் என்ற ஒரே வேகத்தில் போகின்றன. ஒருமுறை அடைத்தால் எனக்கு 150 குண்டுக்குக் குறையாமல் வருகிறது. பயிற்சிக் குண்டுகளையும் சேர்த்து ஒரு போட்டிக்கு அதுவே தாராளம்.

உருளை விஷயத்தில் நான் ஏமாந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பிய உற்பத்தியாளர்கள் இந்த உருளைகளுக்குப் பத்து ஆண்டு ஆயுள் வைக்கிறார்கள்; அது வாங்கிய நாளிலிருந்து எண்ணப்படுவதன்று, உருளையின் மேல் பொறித்துள்ள உற்பத்தித் தேதியிலிருந்து எண்ணப்படுவது. எனக்கு விற்றவர் கொடுத்த இரண்டாவது உருளை நான்கு ஆண்டு பழையது. பணம் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, வீட்டுக்கு வந்து இரசீதைப் பார்க்கும்போதுதான் தேதி நினைவுக்கு வந்தது. காலாவதியான உருளையைப் போட்டியில் ஏற்க மாட்டார்கள், அதைப் பயன்படுத்துவது ஆபத்தும் கூட. விற்பவர் யாராக இருந்தாலும் உருளையைத் திருப்பித் தேதியைப் படித்த பிறகே பணப்பையைத் திறவுங்கள். நிறைந்த உருளையை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகக் கூடாது. 30 பாகையில் 200 பாராக இருந்தது காருக்குள் 60 பாகையில் 220 பாராகிவிடும்.

ஈரப்பதம் மரத்தையும் விடுவதில்லை. மழைக்காலத்தில் கைப்பிடி லேசாக ஊதி, அதைப் பிடித்திருக்கும் திருகு தளர்ந்துவிடுகிறது. ஒருநாள் இருபது குண்டுகள் இலக்கு முழுவதும் சிதறிய பிறகே அதைக் கண்டுபிடித்தேன். இப்போது ஒவ்வொரு நாளும் சுடத் தொடங்குமுன் அந்தத் திருகைச் சாவியால் தொட்டுப் பார்க்கிறேன். பெட்டிக்குள் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா பைகள், சுட்டு முடிந்ததும் இரும்புப் பாகங்களுக்கு மெல்லிய எண்ணெய்த் துணி, குழலுக்குள் துப்புரவுக் கம்பளிப் பெல்லட் இரண்டு. இவ்வளவே. பெல்லட் ஈயம் என்பதால், கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் வெளியே ரொட்டி சானாய்க் கடைக்கு ஓடக் கூடாது. இதைச் சின்னப் பிள்ளைகளிடம் சொல்வதுபோல் உங்களிடமும் சொல்கிறேன்.

நீங்கள் கேட்காத, ஆனால் வாங்குவது என்றால் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்று இருக்கிறது. காற்றில் ஓடுவதுதானே, விளையாட்டுப் பொருள்தானே என்ற எண்ணம் நம் நாட்டில் செல்லாது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் ஏர் பிஸ்டலும் ஆயுதமே. உரிமம் இல்லாமல் அதை வைத்திருப்பது சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம். மாநிலக் காவல் துறைத் தலைவரின் உரிமம் வேண்டும். விண்ணப்பத்தோடு கிளப்பின் கடிதம், பின்னணி விசாரணை, எங்கே எப்படிப் பூட்டி வைக்கப் போகிறோம் என்ற விவரம் எல்லாம் போக வேண்டியிருந்தது. எனக்குப் பத்து மாதங்கள் ஆயின. நான் அதை அலைச்சலாக நினைக்கவில்லை. நம் ஊரில் துப்பாக்கி என்ற சொல்லின் கனம் வேறு. 1948 ஜூன் 16 அன்று சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில் மூன்று ஐரோப்பிய நிர்வாகிகள் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகுதான் நாட்டில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அது 1960 வரை நீடித்தது. அந்த ஆண்டுகளில் சட்டவிரோதமாகத் துப்பாக்கி வைத்திருந்தால் தூக்குத் தண்டனை வரை போகும். தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளில் சோதனை நடந்த கதைகளைத் தாத்தாவிடம் கேட்டு வளர்ந்த என் அம்மா, நான் விண்ணப்பம் எழுதுவதைக் கண்டு இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அவரைக் கிளப்புக்கு அழைத்துப்போய், துப்பாக்கி பூட்டிய அறையில் இருப்பதையும், குழலில் ஆரஞ்சு நிறப் பாதுகாப்பு நாடா நுழைத்த பிறகே யாரும் அதைக் கீழே வைக்கிறார்கள் என்பதையும் காட்டினேன். என் துப்பாக்கி இன்றும் கிளப்பின் ஆயுத அறையை விட்டு வீட்டுக்கு வருவதில்லை.

அப்படியானால் வீட்டில் என்ன பயிற்சி என்று கேட்பீர்கள். ஒரு லிட்டர் தண்ணீர் போத்தலை நீட்டிய கையில் பிடித்துக்கொண்டு, சுவரில் ஒரு புள்ளியைப் பார்த்தபடி பதினைந்து வினாடி நிற்கிறேன், கையை இறக்கி ஒரு நிமிடம் இளைப்பாறுகிறேன், மறுபடி எடுக்கிறேன். துப்பாக்கியின் எடையும் ஏறக்குறைய அதேதான், 970 கிராம். துப்பாக்கி வடிவில் மரத்தில் எதையும் செதுக்கி வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டாம். போலி ஆயுதமும் வீண் வம்பு. தோள் பலம் இல்லையே என்று நீங்கள் ஒருமுறை வருந்தினீர்கள். நம் நாட்டு வீராங்கனை நூர் சுரியானி 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக நின்று 10 மீட்டர் ஏர் ரைஃபிள் சுட்டார். அவர் பிரிவு வேறு, ஆனால் மாறிக்கொண்டே போகும் உடம்பின் நிலையைப் புதிதாகக் கண்டுபிடித்து நிற்பது என்பது நம் பிரிவுக்கும் உரியதே. ஒன்றேகால் மணி நேரத்தில் 60 குண்டு சுட, முரட்டுப் பலம் தேவைப்படுவதில்லை.

இனி உங்கள் மூன்றாம் கேள்வி. இந்த ஆண்டு வாங்காதீர்கள். எட்டு மாதத்தில் உங்கள் பிடி இன்னும் நிலைக்கவில்லை. சென்ற மாதம் கட்டைவிரலை நீட்டி வைத்திருந்தீர்கள், இந்த மாதம் மடக்குகிறீர்கள். இன்றைய கைக்கு அரம் போட்டால் அடுத்த ஆண்டின் கைக்கு அந்த மரம் பொருந்தாது. கிளப்பில் காற்று உருளை வகைத் துப்பாக்கி ஒன்றைச் செயலாளரிடம் கேட்டு, தொடர்ந்து அந்த ஒன்றையே எடுத்துச் சுடுங்கள். குண்டு விழும் திசையையும், நீங்கள் பிடித்த விதத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவாருங்கள். மூன்று மாதக் குறிப்பு ஒரே திசையைக் காட்டத் தொடங்கும்போது உரிம விண்ணப்பத்தைத் தொடங்கலாம். அது கைக்கு வர ஆகும் மாதங்களில் கையும் பழுத்திருக்கும். வாங்கும்போது பணம் மிஞ்சினால் விலை கூடிய துப்பாக்கிக்குப் போக வேண்டாம், உங்கள் அளவில் இன்னொரு கைப்பிடியை வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்றில் அரம் தவறிவிட்டால் மற்றொன்று இருக்கும்.

வரும் சனிக்கிழமை காலை எட்டரைக்கு நான் கிளப்பில் இருப்பேன். சிறிய அளவிலும் நடுத்தர அளவிலும் கைப்பிடிகள் அங்கே இருக்கின்றன. மோதிரத்தைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு டப்பா முகப்பவுடர் எடுத்துக்கொண்டு வாருங்கள். எதில் உங்கள் சுண்டுவிரல் மரத்தைத் தொடுகிறது என்று பார்த்துவிடுவோம்.